ராமேஸ்வரம்: கடலில் தொடங்கி கோடி தீர்த்தம் வரை

ராமேஸ்வரத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்படிக லிங்க தரிசனம் முதலிலா, தீர்த்தம் முதலிலா? ஸ்படிக லிங்க பூஜை விடியற்காலை 5 மணிக்குத் தொடங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் முதல் நாள் மாலையே ஊருக்கு வந்து தங்கிவிட வேண்டும். மறுநாள் அறையிலேயே குளித்து, உலர்ந்த உடுப்போடு நாலு, நாலரைக்கெல்லாம் வரிசையில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பிறகு கடலுக்குப் போவதே சரிப்படும். தீர்த்தமாடிய பிறகு பார்க்கலாம் என்றால் நேரம் ஒத்துவராது. நகையையும் கைப்பேசியையும் அறையிலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. வெளியே யாரையாவது நம்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனால், மனசு முழுக்க அந்தப் பையில்தான் இருக்கும்.

அக்னி தீர்த்தம் என்பது கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே இருக்கும் கடல்தான். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் ஆழமும் குறைவு, அலையும் குறைவு. இடுப்பளவு நீரில் நின்று மூழ்கலாம், வயதானவர்களும் பயமில்லாமல் இறங்கலாம். இங்கே தடுக்கி விழவைப்பது அலை அல்ல, காலில் சுற்றிக்கொள்ளும் துணி. உடுத்திய துணியைக் கடலில் விட்டால் பாவம் போகும் என்று யாரோ கிளப்பிவிட, புடவையும் வேட்டியும் மணலில் புதைந்து கிடக்கின்றன. துணியை விட்டால்தான் ஸ்நானம் பூர்த்தியாகும் என்று கரையில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் தர்ப்பணக் கூட்டம் கரையை அடைத்துவிடும். பித்ரு காரியம் இல்லாமல் தீர்த்தத்துக்காக மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்தால் இருவருக்கும் நல்லது. தர்ப்பணம் செய்கிறவர்கள் எள், தர்ப்பை, தட்சிணை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று உட்காருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பாதி மந்திரத்தில் பேரம் பேசுவதைப் போல அசிங்கம் வேறில்லை.

கடலில் மூழ்கிய ஈரத்தோடு அப்படியே கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது முறை. மகாலட்சுமி தீர்த்தம் முதலாவது. சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று போய், சேதுமாதவம், கந்தமாதனம், நளன், நீலன், சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா எனத் தொடர்ந்து கடைசியாகக் கோடி தீர்த்தம். சேதுமாதவம் குளம், மற்றவை பெரும்பாலும் கிணறுகள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவற்றின் தண்ணீர் கடல்நீர் போலக் கரிக்காது. நாக்கில் விட்டுப் பார்த்தால் கிணற்றுக்குக் கிணறு சுவை கொஞ்சம் மாறுவதும் தெரியும்.

தீர்த்தக் கட்டணச் சீட்டைக் கோயில் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். சீட்டு மட்டும் இருந்தால் ஒவ்வொரு கிணற்றிலும் நிற்கிறவர் இறைத்து ஊற்றுவார். கூட்டத்தோடு கூட்டமாக நகர வேண்டும். தனியாக ஒருவரை அமர்த்திக்கொண்டால் அவர் வாளியோடு உங்கள் குழுவுடனேயே 22-க்கும் வருவார். இரண்டிலும் புண்ணியம் ஒன்றுதான், வசதிதான் வேறு. ஆள் அமர்த்தினால் தலைக்கு இவ்வளவா, குழுவுக்கு மொத்தமாக இவ்வளவா என்பதை வெளியிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த ஒரு இடத்தில்தான்.

தண்ணீர் இறைப்பவரின் கையை ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும். கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று, கயிறு கட்டிய சின்ன வாளியை வாய் கீழாகக் கவிழ்த்து விடுகிறார். நிமிர்த்தி விட்டால் மிதக்கும், நிரம்பாது. தண்ணீரைத் தொட்டதும் கயிற்றில் ஒரு சுண்டு. வாளி சாய்ந்து நிரம்புகிறது. மூன்று நாலு இழுப்பில் மேலே வருகிறது. வந்த வேகத்திலேயே தலையில் கொட்டுகிறது. காலை முதல் நடை சாத்தும் வரை இதே வேலை, ஈரக் கல்லில் வெறுங்காலோடு. உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம் காய்த்துப் போயிருக்கும். நம்முடைய பாவம் போவதற்கு இன்னொருவர் முதுகு வளைய வேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்து "சீக்கிரம் ஊத்துப்பா, ரெண்டு வாளி ஊத்து" என்று அதட்டுகிற பக்தியை என்னவென்று சொல்வது? "அண்ணே, அம்மாவுக்கு முடியல, தலையில கொஞ்சமா விடுங்க" என்றால் பதமாகத்தான் ஊற்றுவார்கள்.

நெரிசலில் வாளித் தண்ணீர் முன்னால் நிற்கும் நாலு பேர் மேல் சிதறிவிடும், பின்னால் நிற்பவர்களுக்குச் சொட்டுத்தான். இடித்துக்கொண்டு முன்னேறுவதைவிட உள்ளங்கையை நீட்டிப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்ளலாம், அதுவும் ஸ்நானம்தான். ஊரில் இன்னார் தொட்ட தண்ணீர் ஆகாது என்று கணக்குப் பார்க்கிறவர்களும் இங்கே முன்பின் தெரியாதவர் தலையிலிருந்து தெறிக்கும் நீரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். அந்தச் சிந்தனை ஊர் திரும்பும் வரைக்கும் தங்கினால் தேவலை.

உடை விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டு கனக்கும், மெல்லிய வெளிர்நிறத் துணி ஒட்டும், நைலான் குளிரில் நடுங்கவைக்கும். அடர்நிறப் பருத்திச் சேலை அல்லது சுடிதார், ஆண்களுக்குப் பெல்ட் போட்டு இறுக்கிய வேட்டி போதும். கல்தளம் முழுக்கத் தண்ணீர் ஓடும். குழந்தைகள் ஓடினால் வழுக்கி மண்டை உடையும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடவே கூடாது; அது அடுத்தவர் தீர்த்தம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கோடி தீர்த்தத்தை மட்டும் தலையில் தெளித்துக்கொண்டு போகலாம். 22-ஐயும் முடித்தே தீர வேண்டும் என்று முதியவர்களை இழுத்துக்கொண்டு ஓடுவது அவர்களுக்காகச் செய்வதல்ல.

ஈரத்துணியோடு மூலவர் சந்நிதிக்கு விடமாட்டார்கள். மாற்றுத் துணியும் துண்டும் கட்டிய பையைத் தீர்த்தமாடாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உடை மாற்றிய பிறகு தரிசனம். அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை. சீதை மணலால் பிடித்த ராமலிங்கத்துக்கு அதற்குப் பிறகுதான். தாமதமாக வந்தவர் மனம் நோகக் கூடாது என்று ராமர் வைத்த ஏற்பாடு என்கிறது தலபுராணம். வெளியே வந்ததும் அவசரப்படாமல் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று வாருங்கள். சேதுபதி மன்னர்கள் எழுப்பியது, 1212 தூண்கள்.

தமிழ்நாட்டின் ஒரே ஜோதிர்லிங்கத் தலத்தில் பூஜை செய்கிறவர்கள் மராட்டிய வழி வந்த அர்ச்சகர்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் வங்காளமும் குஜராத்தியும் கேட்கும். சீதா ராமர் கல்யாணத்துக்கு உற்சவரை ராமதீர்த்தக் குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோகும் படகுகளைத் தங்கள் முஸ்லிம் குடும்பம்தான் ஏற்பாடு செய்து வந்தது என்று, இந்த ஊரில் பிறந்த அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1897 ஜனவரி 27 அன்று இதே கோயிலில் பேசிய விவேகானந்தர், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்றார். பிராகாரத்தில் பாலித்தீன் பையையும் பழத்தோலையும் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பின்னால் குனிந்து கூட்டிக்கொண்டே வருகிற அம்மாவைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

காசி யாத்திரையும் சேர்த்துச் செய்கிறவர்கள் இங்கிருந்து ஒரு பிடி மணல் எடுத்துப் போய்ப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். காசியைப் பார்த்ததோடு முடித்துக்கொண்டால் யாத்திரை பாதியில் நிற்கிறது என்பது மரபு. மணலுக்குச் சின்னத் துணி முடிச்சு போதும். கங்கை நீர் கொண்டுவருகிறவர்கள் பாத்திரத்தில் கவனமாக இருக்க வேண்டும்: செம்பு, பித்தளை, வெண்கலம் என்றால் ஏற்பார்கள், தகரமும் இரும்பும் ஆகாது. வாய் பற்றவைத்து மூடிய சின்னச் செம்பாகக் காசிக் கடைகளிலேயே கிடைக்கும், ரயிலில் சிந்தாது. ராமேஸ்வரத்தில் இறங்கியதும் கோயில் அலுவலகத்தில் கேட்டு அபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.