இருட்டான நடு அறைக்குக் கதவு மாற்றிய அனுபவம்

எங்கள் வீடு திருகோணமலை நகருக்குள், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒடுங்கிய காணி, பழைய வீடு. முன்னால் விறாந்தை, பிறகு ஹோல், ஹோலில் இருந்து குசினி வரைக்கும் ஒரு நீண்ட நடை. நடைக்குக் கிழக்கே மகளின் அறையும் குளியலறையும். அந்தப் பக்கம் ஒழுங்கை இருப்பதால் இரண்டுக்கும் யன்னல் உண்டு. மேற்கே, மகளின் அறைக்கு நேர் எதிரே, மாமியின் அறை. அதன் பின்சுவர் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. யன்னல் வைக்க வழியே இல்லை. பகல் பதினொரு மணிக்கும் அங்கே லைட் போட்டால்தான் முகம் தெரியும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் மாமி வெளிச்சத்துக்காகக் கதவை அகலத் திறந்து வைத்தபடி கட்டிலில் இருந்து பேப்பர் வாசிப்பார். நடையால் குசினிக்குப் போகிறவர், குளியலறைக்குப் போகிறவர், வந்த விருந்தாளி என்று எல்லோர் கண்ணும் அவர் மேல் படும். எண்பதைத் தாண்டிய மனுஷி, தன் அறையில் சேலையைத் தளர்த்திவிட்டுச் சாய்ந்து படுக்க முடியாமல் இருந்தார். கதவைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் மறைப்பு இல்லை. கோணேசர் திருவிழாவுக்கு உறவினர் வந்து வீடு நிறையும் நாட்களில் இன்னும் மோசம். "பரவாயில்லை பிள்ளை, எனக்குப் பழகிப்போச்சு" என்பார். அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் நிலைமை சீரான பிறகும் அந்தக் கதவு என் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் வேலையைத் தொடங்கினோம்.

கூரையில் கண்ணாடி ஓடு பதிக்கச் சொன்னார்கள் சிலர். எங்களுக்கு அது சரிவராது. அந்த அறைக்கு மேலே இருப்பது கொங்கிறீட் தட்டு. ஓடாக இருந்திருந்தாலும் நான் யோசித்திருப்பேன். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் எங்கள் ஊரில் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஓகஸ்ட் கடைசி வாக்கில் இன்னொரு முறை அப்படி நிற்கும். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று வெந்து வீசும் காலத்தில் வயதானவரின் கட்டிலுக்கு மேலே கண்ணாடி ஓடு வைக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே வெளிச்சம் மகளின் அறை யன்னலில் இருந்துதான் வரவேண்டும். ஒழுங்கைப் பக்க யன்னல், மகளின் கதவு, நடை, மாமியின் கதவு என்று இரண்டு கதவைத் தாண்டி வரவேண்டும். மகளுக்கோ உயர்தரப் பரீட்சை நெருங்கிய நேரம். "நான் படிக்கிறதை ஆரும் எட்டிப் பார்க்கக்கூடாது அம்மா" என்று முதலே சொல்லிவிட்டாள். அவள் கேட்டதும் நியாயம்தான்.

முழுக்க மங்கல் கண்ணாடியில் கதவு போடலாம் என்பதுதான் முதல் எண்ணம். கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தோம். இதைச் செய்யாமல் யாரும் கண்ணாடிக் கதவுக்கு ஓர்டர் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். மாமியின் கதவு நிலையில், மேலிருந்து கீழ் வரை என் கணவரின் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம். பகலில் நடையில் நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சமும் ஓரளவு உள்ளே போனது. எல்லோருக்கும் சந்தோஷம். இரவில் மாமியின் அறை லைட்டைப் போட்டுவிட்டு, நடை லைட்டை அணைத்தோம். மகள் உள்ளே போய் வேட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். தலைமயிர், தோள், கை, விரல் கூட அப்படியே கறுப்பாகத் தெரிந்தது. பின்னால் நாலைந்து அடி நகர்ந்ததும் உருவம் கலைந்து வெறும் நிழலாகிவிட்டது.

மங்கல் கண்ணாடியும் இதே மாதிரித்தான். கண்ணாடிக்குத் தூரத்தில் இருப்பதை மறைக்கும், ஒட்டி நிற்பதைக் காட்டிக் கொடுக்கும். எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ, அந்தப் பக்கத்தில் இருப்பவர்தான் மற்றவருக்குத் தெரிவார். பகலில் வெளிச்சமான நடையில் நிற்பவருக்கு இருட்டு அறை தெரியாது. இரவில் லைட் எரியும் அறைதான் நடைக்குத் தெரியும். உடுப்பு மாற்றுவதும் குளிப்பதும் பெரும்பாலும் விடியலிலும் இரவிலும். அதனால் கதவை இரவில் பார்த்துத்தான் முடிவு எடுக்கவேண்டும், கடையில் நடுப்பகல் வெளிச்சத்தில் பார்த்து அல்ல.

முழுக் கண்ணாடிக் கதவு என்ற எண்ணத்தை அன்று இரவே விட்டோம்.

அடுத்த நாள் மாமியின் அறைக்குள் நின்று மேலே பார்த்தேன். கதவு ஏழடி, சுவர் பதினொரு அடி. கதவுக்கு மேலே நாலடிச் சுவர் சும்மா கிடந்தது. நடையில் நிற்கும் ஒருவரின் கண் ஐந்தடி, ஐந்தரை அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஏழடிக்கு மேலே உள்ள திறப்பால் பார்த்தால் அறையின் சீலிங் தெரியும், மேல்சுவரில் கொஞ்சம் தெரியும். கட்டில் தெரியாது, ஆள் தெரியாது. அந்த இடத்தால் வெளிச்சம் எவ்வளவும் போகலாம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே மரத்தில் பூவேலை வெட்டிய காற்றுச் சட்டம் வைத்திருப்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். அழகுக்கு வைத்தது என்றுதான் அதுவரை பார்த்திருந்தேன். இப்போது கதவுக்கு மேலே வைக்கும் இந்தத் திறப்பை ஃபேன்லைட் என்று சொன்னால் மேசனுக்கும் மரவேலை செய்யும் ஓடாவிக்கும் உடனே விளங்கும்.

மேசன் வந்து பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்: கதவுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்க ஏற்கெனவே இருக்கிற குறுக்குத் தண்டில், அதாவது லிண்டலில், கை வைக்கக்கூடாது. லிண்டலை விட்டு அதற்கு மேலே திறப்பை வெட்டி, அந்தத் திறப்புக்கு மேலே சின்னதாக இன்னொரு லிண்டல் போட்டார். அதன் இரண்டு முனையும் ஆறு அங்குலத்துக்கு மேலேயே சுவரில் இருக்கவேண்டும் என்று அளந்து காட்டினார். வெட்டும்போது வந்த தூசியைப் பற்றிச் சொல்லி முடியாது. மாமியை அந்த நாட்களில் மச்சாள் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

கதவு வேலைக்குக் கிண்ணியாவில் இருந்து ஒரு நானா வந்தார். மரவேலையில் நல்ல அனுபவம். பழைய முதிரை நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதக் கழட்ட வேணாம் டீச்சர், இப்ப இப்பிடி மரம் எடுக்கேலாது" என்றார். நிலை அப்படியே நின்றது. நான் கண்ணாடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் கட்டில் எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு முதலில் தொடர்பு விளங்கவில்லை. கதவைப் பாதி திறந்து பிடித்துக் காட்டினார். பழைய கதவின் பிணைச்சல் கட்டிலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. கொஞ்சம் திறந்தாலே இடைவெளியால் நேரே கட்டில்தான் தெரியும். பிணைச்சலைக் கட்டில் பக்கம் மாற்றினால், பாதி திறந்த கதவே கட்டிலுக்கு மறைப்பாக நிற்கும். இடைவெளியால் வரும் வெளிச்சம் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் விழும். அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தால் வெளிச்சம் அதில் பட்டுக் கட்டிலுக்குத் திரும்பும்.

இந்த மாற்றத்துக்கு நிலையில் புதிதாகப் பிணைச்சல் குழி வெட்டி, பழைய குழிகளை மரத்துண்டு வைத்து அடைத்ததுதான் செலவு. கண்ணாடியே இல்லாமல், மறைப்பும் வெளிச்சமும் ஒன்றாகக் கிடைத்தது. கதவு மாற்றக் காசு இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்து பார்க்கலாம். பிள்ளை பெற்ற பெண், நோயாளி, வயதானவர் இருக்கும் அறைக்கு இது பெரிய ஆறுதல்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். மாமியின் கதவில் கீழே ஐந்தடி வரைக்கும் முழுப் பலகை. அதற்கு மேலே ஒன்றரை அடிக்கு மங்கல் கண்ணாடி, லிண்டலுக்கு மேலே ஃபேன்லைட். மகளின் கதவும் இதே அளவு. ஆனால் அவளுடைய ஃபேன்லைட் திறக்காது, விளிம்பைச் சுற்றி சிலிக்கோன் வைத்து அடைத்தது. குசினிச் சத்தமும் டீவிச் சத்தமும் இடைவெளியால்தான் வரும், சின்ன இடைவெளி போதும். மாமியின் ஃபேன்லைட் அடியில் பிணைச்சல் வைத்து உள்பக்கம் சாய்ந்து திறக்கும், சங்கிலி பிடித்துக்கொள்ளும். யன்னல் இல்லாத அறைக்குக் காற்றும் வேண்டுமே.

கண்ணாடிக் கடையில் துண்டுகளை வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தேன். மணல் அடித்து மங்கலாக்கிய கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் ஈரவிரலை வைத்து இழுத்தபோது, விரல் போன வழி முழுக்கக் கண்ணாடி தெளிந்து அந்தப் பக்கம் தெரிந்தது. காய்ந்ததும் மறுபடி மங்கியது. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்கள்தான் வெளிச்சத்தைச் சிதறவைக்கின்றன. அதைத் தண்ணீர் நிரப்பினால் சிதறல் குறைந்துவிடும். எண்ணெய்க் கையும் அதே வேலையைச் செய்யும், அந்தக் கறை லேசில் போகாது. குளியலறைக் கதவுக்கு இந்தக் கண்ணாடி போடுகிறவர்கள் மினுக்கமான பக்கத்தைத் தண்ணீர் படும் பக்கமும், சொரசொரப்பை வெளிப்பக்கமும் வைக்கவேண்டும்.

அந்தக் கடையில் ஒருவர், ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் தெரியும் என்று சொல்லிக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை எங்களிடம் விற்கப் பார்த்தார். இரவில் என்ன ஆகும் என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். வேட்டிச் சோதனை செய்த எனக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். உள்ளே லைட் எரிந்து வெளியே இருட்டானால் அந்த ஸ்டிக்கர் தலைகீழாக வேலை செய்யும். மறைப்பை நம்பி ஒரு பெண்பிள்ளையின் அறைக்கு இதை ஒட்டினால் என்ன கதி? விற்கிறவர்கள் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

டெம்பர் கண்ணாடி, அதாவது சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடி எடுத்தோம். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம், உடைந்தாலும் கத்திபோல் நீளத் துண்டாக வராமல் சின்னச் சின்ன மணியாகக் கொட்டும். கச்சான் காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுகள் அடித்துச் சாத்துவதைக் கேட்டவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும். ஒன்றைக் கவனிக்கவேண்டும்: டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. அதனால் நானா கதவுச் சட்டத்தை முழுக்க முடித்து, அளவை எடுத்து, நாலு பக்கமும் கொஞ்சம் குறைத்துத்தான் கடைக்குக் கொடுத்தார். மாரியில் மரம் ஊதும், கண்ணாடி ஊதாது. இடம் விடாமல் இறுக்கினால் வாடைக்காற்று தொடங்கிய பிறகு கதவு இறுகும், கண்ணாடிக்கும் நல்லதில்லை.

குளியலறைக்கு அலுமினியச் சட்டக் கதவு. கீழே அடைப்பு, தலைக்கு மேலே மட்டும் மங்கல் கண்ணாடி, வெளிப்பக்கம் திறக்கும். மாமி உள்ளே வழுக்கி விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. பூட்டும் வெளியே இருந்து திறக்கக்கூடியது. மறைப்பைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

பிணைச்சல், தாழ்ப்பாள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்காரரிடம் 316 தரம் கேட்டு வாங்கினோம், வழக்கமாகக் கிடைக்கும் 304 தரத்தைவிட உப்புக்காற்றுக்கு அது நின்று பிடிக்கும். இரும்புப் பிணைச்சல் எங்கள் பக்கத்தில் எவ்வளவு கெதியாகத் துருப்பிடித்துக் கதவின் வெள்ளைப் பெயின்டில் சிவப்புக் கோடாக வழியும் என்பது கடற்கரை வீட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது காலையில் இருந்து பின்னேரம் ஏறக்குறைய மூன்று மணி வரை மாமி கதவைச் சாத்திக்கொண்டே பேப்பர் வாசிக்கிறார். காலை வெயில் மகளின் யன்னலில் நேரே விழும் நேரம்தான் உச்சம். அதற்குப் பிறகு கிழக்கு வெளிச்சம் மங்க, அறையும் மங்கும். மழை நாளில் லைட் தேவைதான். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது, அதை மாற்ற இப்போது வசதியில்லை. நடைச் சுவர்களுக்கு மட்டும் வெள்ளை அடித்தோம், அதிலேயே வித்தியாசம் தெரிந்தது.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. மகள் இரவு ஒரு மணி வரை லைட் போட்டுப் படிப்பாள். அந்த வெளிச்சம் இரண்டு ஃபேன்லைட்டையும் தாண்டி மாமியின் சீலிங்கில் விழுந்து அவருக்கு நித்திரை குழம்பியது. பகலில் எந்த வழியால் வருகிறதோ இரவிலும் அதே வழிதான். மாமியின் ஃபேன்லைட்டுக்கு உள்பக்கம் ஒரு கம்பி பூட்டி, தடித்த நீலத் துணியில் சின்னத் திரை தைத்துப் போட்டேன். கயிறு கட்டிலில் இருந்து எட்டும் உயரத்தில் தொங்குகிறது. படுக்கும்போது மாமியே இழுத்து மூடுகிறார், காலையில் எழும்பியதும் திறக்கிறார்.

அடுத்தது குசினிப் பின்கதவு. அதுவும் பழையது, அடியில் கறையான் தொட்டிருக்கிறது. அந்தக் கதவால் முற்றத்து வெளிச்சம் நடைக்கு வரும், ஆனால் பின் ஒழுங்கையால் போகிறவர்களுக்கு அடுப்படி வரை தெரியும். மாரி தொடங்குவதற்கு முன் வந்து அளவெடுப்பதாக நானா சொல்லியிருக்கிறார். வேட்டியைத் தோய்த்து வைத்திருக்கிறேன்.