கார் மெழுகு டப்பா: காரைக்குடி பட்டறை நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

காருக்குப் பூசும் பேஸ்ட் மெழுகைப் பற்றி வரும் குறைகளை ஒரு தாளில் எழுதினால் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்: மெழுகு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறது, மூடி திறக்க மாட்டேன் என்கிறது, ஸ்பாஞ்ச் உள்ளே இறங்கவில்லை, விளிம்பில் துரு. பழியெல்லாம் கலவை மேல் விழுகிறது. கலவையை எத்தனை மாற்றினாலும் இவை தீராது. டப்பாவில் கை வைக்க வேண்டும்.

எங்கள் கலவையில் எடைக்கு 30 பங்கு மெழுகு (கார்னூபா என்ற பனையிலை மெழுகும் தேன்மெழுகும்), 70 பங்கு மினரல் டர்பன்டைன் என்ற பெட்ரோலியக் கரைப்பான், அதாவது கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டு வாங்குவது. கார்னூபா உருகுவது 82 முதல் 86 டிகிரியில், தேன்மெழுகு 62 முதல் 65க்குள். இவ்வளவு கெட்டியான சரக்கை ஸ்பாஞ்சில் ஒட்டும் பதத்தில் வைத்திருப்பது அந்த எம்.டி.ஓ.தான். அது ஆவியாகிப் போகப் போக மெழுகு சுருங்கும். முதலில் டப்பாச் சுவரை விட்டு விலகும், பிறகு நடுவில் வெடிக்கும். ஆகவே ஆவியைப் பிடித்து வைப்பதுதான் டப்பாவின் முதல் வேலை. அழகும் பிடிமானமும் அதற்கு அப்புறம்.

மார்ச் 9, ஞாயிறு

அகலமா, உயரமா? இதில்தான் பெரிய இழுபறி.

200 கிராம் மெழுகு, அடர்த்தி 0.83 என்று வைத்தால் கிட்டத்தட்ட 240 மில்லி. உள்விட்டம் 65 மி.மீ. டப்பாவில் அது 72 மி.மீ. உயரம் நிற்கும். 92 மி.மீ. டப்பாவில் 36 மி.மீ.தான். அகல டப்பாவில் காற்றுப் படும் பரப்பு சரியாக இரண்டு மடங்கு. ஆவியை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒல்லி ஜாடிதான் ஜெயிக்கும்.

ஆனால் ஒல்லி ஜாடியில் கால்வாசி தீர்ந்ததும் கையும் ஸ்பாஞ்சும் அடிவரை போகாது. ஸ்பூனால் தோண்டுவார்கள், தோண்டின கட்டி உருண்டையாகப் போய் பெயின்டில் திட்டாக உட்காரும். ஸ்பாஞ்சை மெழுகின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் மெல்லிய படலம் சீராக ஏறும். பேஸ்ட் மெழுகு பூசுவதன் சூட்சுமமே அதுதான். சுற்ற இடம் வேண்டுமென்றால் வாய் விட்டம் ஸ்பாஞ்சைவிட 15 மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். 75 மி.மீ. ஸ்பாஞ்சுக்கு 92 மி.மீ. வாய் பொருந்தும். 100 மி.மீ. ஸ்பாஞ்ச் வைத்திருப்பவர் அதை மடித்துத்தான் திணிப்பார். எனவே ஸ்பாஞ்சையும் டப்பாவோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும்.

அகல டப்பா என்று முடிவு. இழப்பை மூடியில் தடுக்க வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

எதில் செய்வது என்பதைச் சுருக்கமாக.

பாலிஸ்டைரின்: பார்க்கக் கண்ணாடி மாதிரி பளபளக்கும், எம்.டி.ஓ. பட்டால் விரிசல் விட்டு இளகும். பேச்சே வேண்டாம். எச்.டி.பி.இ., பி.பி. என்ற சாதாரண டப்பா பிளாஸ்டிக்குகள்: உடையாது, விலை மலிவு. ஆனால் பெட்ரோலிய கரைப்பான் சுவரின் வழியாகவே மெல்லக் கசிந்து வெளியேறும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எடை குறையும், சுவர் உள்வாங்கி நெளியும். பெட் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்): கரைப்பானை நன்றாகத் தடுக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் இளகிக் கோணும் என்பதால், சூடாக ஊற்றுகிற சரக்குக்கு ஊற்றும் சூட்டில் கவனம் தப்பக் கூடாது. அலுமினியம் அருமை, விலைதான் ஏறும், நெளிசலும் சீக்கிரம் விழும்.

தகரம் நமக்குச் சரி. ஆவி துளியும் ஊடுருவாது, சூடு தாங்கும். பக்கத்தில் மடிப்பு வைத்து மூன்று துண்டாகச் செய்த டப்பா வேண்டாம். பிரஸ்ஸில் ஒரே இழுப்பில் எடுத்த, மடிப்பில்லாத 0.25 மி.மீ. டப்பா வேண்டும். தகரத்தில் வெள்ளீயப் பூச்சு இரண்டு முகத்திலும் இருக்கும், வெட்டிய ஓரத்தில் இருக்காது. துரு அங்கேதான் தொடங்கும். கார் கழுவிய ஈரக் கையால் தொடுகிற பொருள் இது. அதனால் வெட்டு ஓரத்தை உருட்டி உள்ளே மறைத்து, வாயைச் சுற்றி லாக்கர் வார்னிஷ் ஒரு கோட் அடிக்க வேண்டும். மெழுகில் விழுந்த துருத்தூள் ஸ்பாஞ்சோடு போய் பெயின்டில் வட்ட வட்டமாகக் கீறல் போடும். துரு அரிப்பை ஆராயும் மின்வேதியியல் ஆய்வு நிலையமே இருக்கிற ஊரில் துருப்பிடித்த டப்பாவை விற்பது கொஞ்சம் கேவலம்தான்.

மார்ச் 23, ஞாயிறு

முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் மூடிகளை மட்டும் பார்த்து வருவது உருப்படியான வேலை. எனாமல் சம்படம், பர்மா அரக்குப் பெட்டி, பித்தளை டப்பா எதை எடுத்தாலும் மூடியின் ஓரம் ஆழமாக இறங்குகிறது. சிலவற்றில் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு வரை. இன்றைய மெழுகு டப்பாக்களில் அது 8 மி.மீ.கூட வருவதில்லை.

ஆழமான ஓரம் என்றால் ஆவி வெளியேற வேண்டிய சந்து நீளமாகிறது. இடைவெளி அதே என்றால், சந்து நீள நீளக் கசிவு குறையும். ஒரு கெடுதலும் உண்டு: பிஸ்டன் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு மூடி வர மறுக்கும். நல்ல சம்படத்தின் மூடியைச் சற்றுத் திருகிக்கொண்டே தூக்கினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், அந்தக் காற்று உள்ளே போன பிறகே மூடி கழலும். மெழுகுக் கையால் அப்படித் திருகித் தூக்க முடியாது.

ஆகவே சொருகு மூடி வேண்டாம், திருகு மூடி. சந்தின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரம் 18 மி.மீ. திருகு மரை நுணுக்கமாக இருந்தால் மெழுகும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அகலமான, மழுங்கிய மரையாக முக்கால் சுற்றில் பூட்டுவது போதும். மூடியின் வெளிப்பக்கம் 2 மி.மீ. உயரத்தில் நெட்டாக வரிகள். பளபள மூடியில் மெழுகுக் கை வழுக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 3, வியாழன்

வாஷர். டப்பாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மலிவு பார்க்கிற இடமும் இதுவே.

மூடிக்குள் ஒட்டி வரும் வெள்ளை நுரை வட்டம் எம்.டி.ஓ. ஆவியைக் குடித்து உப்பும், அலை அலையாக மடியும், பிறகு மூடி எந்தப் பக்கமும் சரியாக உட்காராது. சாதா ரப்பரும் இ.பி.டி.எம். ரப்பரும் பெட்ரோலிய எண்ணெய்க்கு ஆகாதவை, வீங்கிவிடும். ஊறுகாய் பாட்டில் மூடியில் உள்ள பிளாஸ்டிசால் வளையத்திலிருந்து மிருதுத்தன்மை தரும் பொருளைக் கரைப்பான் உறிஞ்சி எடுத்துவிடும், வளையம் கட்டியாகிக் கசியும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். கரைப்பானில் அரோமேட்டிக் பங்கு (நெடியடிக்கும் பென்சீன் வகைப் பொருள்கள்) கூடினால் அதுவும் கொஞ்சம் உப்பும் என்பதால், அந்தப் பங்கை நீக்கிய, மணம் குறைந்த டி-40 வகைக் கரைப்பானுக்கு மாறினால் வாஷருக்கும் நல்லது, பூசுகிறவர் மூக்குக்கும் நல்லது.

கடைக்காரர் நைட்ரைல் என்று சொல்லிக் கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாஷரின் விட்டத்தையும் கனத்தையும் வெர்னியரில் அளந்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் நம் கரைப்பானுக்குள் 24 மணி நேரம் போட்டு, எடுத்துத் துடைத்து மறுபடி அளக்கவும். கைக்குக் கொழகொழவென்று வந்தாலோ, விட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடினாலோ அது நைட்ரைல் இல்லை. எங்கள் வளையம் 2 மி.மீ. கனம், மூடியில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்காரும், பசை கிடையாது. பசையைக் கரைப்பான் விட்டுவைக்காது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரத்துக்கு, டப்பா அடிக்கும் பிரஸ் பட்டறை பூட்டு. ஊற்றும் முறையை எழுதிவிடலாம், ஏனென்றால் டப்பாவைக் கெடுப்பதில் பாதி இங்கே நடக்கிறது.

மெழுகுப் பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும், நேரடி நெருப்பில் ஒருபோதும் கூடாது. கார்னூபா முழுக்க உருகியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தள்ளிக் கொண்டுபோய், கதவு ஜன்னல் திறந்த இடத்தில் கரைப்பானைச் சிறு தாரையாகச் சேர்க்கவும். எம்.டி.ஓ. ஆவி தீப்பற்றுவதற்கு 40 டிகிரிச் சூடே போதுமானது. பக்கத்து அறையில் விளக்கேற்றி வைத்திருந்தாலும் ஆபத்துதான்.

பாத்திர ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். அதற்கு முன் ஊற்றினால் நடுவில் குழி விழும். தாமதித்தால் அடுக்கடுக்காக உறையும். புனலின் மூக்கு டப்பா வாய்க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரையில் ஒரு சொட்டு விழும். அந்த ஒரு சொட்டுதான் பின்னால் "மூடி திறக்கவில்லை" என்ற குறையாகத் திரும்பி வருகிறது.

ஆத்தங்குடிக் கல் தரை நடக்கச் சுகம், டப்பா ஆற வைக்க ஆகாது. அடிப்பாகம் முந்தி உறைந்து, மேலே உள்ளது பிந்திச் சுருங்கி, மெழுகு அடியை விட்டுப் பெயர்ந்து லொடலொடக்கும். பிளைவுட் மேல் மூன்று விரல் இடைவெளி விட்டு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மேலே ஒரு பலகையைப் போர்த்தி ஆறவிடவும். சூட்டோடு மூடியைத் திருகினால் உள்ளே காற்று சுருங்கி மூடியை இழுத்துப் பிடிக்கும். ஆவி குளிர்ந்து சொட்டி மெழுகின் முகத்தில் அம்மைத் தழும்பு போடும். திறந்தே போட்டாலும் கரைப்பான் போகும். பலகை இரண்டுக்கும் நடுவழி.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்பாஞ்சை எங்கே வைப்பது? மெழுகின் மேலேயே போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். செம்புறை மண் ஊர் இது. தூசியில் உள்ள குவார்ட்ஸ் மணல் கார் பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட் பூச்சைவிடக் கடினம். ஸ்பாஞ்சில் ஒட்டிய மண் மெழுகுக்குள் இறங்கினால், டப்பாவில் மீதியுள்ள மெழுகு உப்புத்தாள் மாதிரிதான்.

எனவே மெழுகுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஒரு தட்டு: 0.4 மி.மீ. பெட் தாளில் அழுத்தி எடுத்தது, ஓரம் 5 மி.மீ. மேலே நிமிர்ந்து, நடுவில் விரல் பிடிக்க ஒரு காது. இது மெழுகின் முகத்தைத் தொட்டுக்கொண்டே உட்காரும், மெழுகு குறையக் குறையத் தானும் கீழே போகும். இதன் பெரிய லாபம் தூசியைத் தடுப்பதைவிட ஆவியைத் தடுப்பதுதான். பாதி காலியான டப்பாவில் மேலே உள்ள வெற்றிடமே கரைப்பானை இழுக்கிறது, தட்டு அந்த வெற்றிடத்தை மெழுகிலிருந்து பிரித்துவிடுகிறது. தட்டுக்கு பி.பி. போடச் சொல்வார்கள், வேண்டாம், வெயிலில் உப்பி வளையும்.

கீழே இருந்து திருகினால் மெழுகு மேலே எழும்பும் டப்பாவைப் பற்றியும் கேட்கிறார்கள். கரைப்பான் குறைந்த கெட்டி மெழுகுக்கு அது நடக்கும். நம் பதத்துக்கு, மெழுகைத் தூக்கும் பிஸ்டனின் ஓரம் வழியே கரைப்பான் அடியில் இறங்கிவிடும்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, சோதனைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணமாக ஏறும். டிக்கியில் கிடக்கும் மெழுகு இளகி, சாய்ந்த வாக்கில் உறைந்து, வாஷர் வரை வந்து நிற்கும்.

சோதனை முறை: நிரப்பிய டப்பாக்களை 0.1 கிராம் தராசில் நிறுத்து, தகரக் கூரைக்கு அடியில், நிமிர்த்திப் பாதி, கவிழ்த்துப் பாதி. கூடவே மூடிச் சந்தை அலுமினியம் டேப்பால் சுற்றிய ஒரு டப்பா, தராசைச் சரிபார்க்க ஒரு வெறும் டப்பா. வாரம் ஒரு முறை காலையில், டப்பா குளிர்ந்திருக்கும்போது எடை. மாதம் 2 கிராமுக்கு மேல் இழந்தால் அந்த மூடி தேறவில்லை. டேப் சுற்றியது நிலையாக இருந்து சுற்றாதது குறைந்தால் குற்றம் வாஷரில். இரண்டும் குறைந்தால் உடம்பில் ஓட்டை. வீட்டு மைக்ரோவேவிலோ கேக் அடுப்பிலோ இதைச் செய்து பார்க்கக் கூடாது, ஆவி தீப்பிடிக்கும்.

கவிழ்த்து வைத்ததில் நுரை வட்டம் போட்ட மூடிகள் சுற்றிலும் ஈரம் காட்டுகின்றன. நைட்ரைல் வளையம் காய்ந்தே இருக்கிறது.

மே 15, வியாழன்

லேபிள். பொட்டல விதிப்படி நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி, புகார் எண் எல்லாம் வர வேண்டும். நிகர எடை 200 கிராம் என்று அச்சடித்துவிட்டு ஆவியாக 10 கிராம் போனால், கடையில் சோதனைக்கு எடுக்கிறவர் கண்ணில் அது எடைக் குறைவுதான். தீப்பற்றும் பொருள் என்ற குறியும் கண்ணில் படும் இடத்தில் வேண்டும். வெறும் காகித லேபிள் மெழுகுக் கை பட்டதும் எண்ணெய் ஊறிக் கறுக்கும். சிவகாசியில் பி.ஓ.பி.பி. என்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, மேலே லேமினேஷன் போட்டு வாங்கலாம். வாங்குமுன் எம்.டி.ஓ. நனைத்த பஞ்சால் 20 முறை தேய்த்துப் பார்க்கவும், மை வந்தால் திருப்பிவிடலாம்.

விழும் சோதனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில், வாய் விளிம்பு முட்டும்படி. நெளிசல் விழுவதால் பாதகமில்லை. வாய் முட்டை வடிவமாகி மூடி பூட்டவில்லை என்றால் உருட்டிய விளிம்பு மெல்லிசு, அதை 3 மி.மீ. ஆக்கச் சொல்ல வேண்டும்.

அடியில் ஒரு ரப்பர் வளையம், இதுவும் நைட்ரைல். ஸ்பாஞ்சைச் சுற்றும்போது டப்பாவும் கூடச் சுற்றாமல் நிற்கும். டப்பாவை பானெட் மேல் வைக்காதீர்கள் என்று எத்தனை கொட்டை எழுத்தில் போட்டாலும் வைக்கத்தான் செய்வார்கள், அதற்கும் இது உதவும். வளையம் உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால் ஓரத்தில் இரண்டு வெட்டு விடச் சொல்லி, பிரஸ் பட்டறைக்கு வரைபடம் போகிறது.