பழைய பத்திரிகைகளுக்குக் கட்டம் போட்ட காலம்

பழைய ஆவணங்களை மின்வடிவமாக்கித் தரும் ஒரு சென்னை நிறுவனத்தில் 2012 முதல் மூன்றாண்டுகள் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தேன். விக்டோரியா அரசியின் காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில், இங்கிலாந்தின் சிறு நகரங்களில் வெளியான உள்ளூர்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் படங்கள் எங்கள் கணினிக்கு வரும். ஒவ்வொரு பத்தியையும் சுற்றிக் கட்டம் போட்டு, தலைப்பைத் தட்டச்சு செய்து, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். இதை ஸோனிங் என்போம். வகைகள் ஐந்தே: செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு, படம், இதர. உள்ளே இருப்பதைப் படிப்பது மென்பொருளின் வேலை. எங்களுக்கு அதைப் படிக்கச் சொல்லவும் இல்லை, படிப்பதற்கு டார்கெட் இடம் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் வகையைத் தீர்மானிக்கச் சில வரிகளாவது படித்தாக வேண்டும். அந்தச் சில வரிகளில் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

முதற்பக்கத்தில் செய்தி இராது. மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்தில் விளம்பரங்களே நிறைந்திருக்கும். 1850களின் தொடக்கத்துப் பக்கங்களில் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். அது அரசின் வரி முத்திரை என்பது பிறகுதான் புரிந்தது. 1836 வரை பிரதி ஒன்றுக்கு 4 பென்னியாக இருந்த அந்த வரி, அவ்வாண்டு ஒரு பென்னியாகக் குறைந்து, 1855இல் ஒழிந்தது. அந்த ஆண்டைத் தாண்டி வரும் பேட்ச்களில் திட்டு மறைந்துவிடும். அதுவரை பார்த்திராத ஊர்களின் பெயர்களோடு புதிய பத்திரிகைகள் வரத் தொடங்கும். வரி போனதும் ஊருக்கு ஊர் பத்திரிகை முளைத்ததை வரலாற்று நூலில் படிக்காமல் கோப்புப் பெயர்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான்.

வீட்டு வேலைக்குப் பெண் தேவை என்ற விளம்பரங்கள் பலவற்றின் கடைசியில் ‘ஃபாலோயர்ஸ் கூடாது’ என்றிருக்கும். எங்கள் குழுவிலேயே இளையவளான ஒரு பெண், அந்தக் காலத்திலேயே இதற்குத் தடை இருந்ததா என்று கேட்டுச் சிரித்தாள். வேலைக்காரப் பெண்ணைத் தேடிக் கொல்லைப்புறக் கதவுக்கு வரும் காதலனைத்தான் அந்தச் சொல் குறித்தது. சம்பளம் எவ்வளவு என்று எழுதாத வீட்டார்கூட இதை எழுதத் தவறவில்லை.

எங்கள் பக்கங்களைச் சரிபார்க்கும் க்யூசி மேசையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். இளமையில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தோம். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான். ஆனால் ஒரு சொல்லில் ‘u’ வரவேண்டிய இடத்தில் ‘n’ நின்றால் நாங்கள் திகைப்போம். அவர் திரையை எட்டிப் பார்த்து, “எழுத்தத் தலகீழா சொருகிட்டான்வே, ராத்திரி வேலை பாத்திருப்பான்” என்பார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எங்கோ ஓர் ஊரில் விளக்கு வெளிச்சத்தில் கண் சொக்கியவனை அவர் சக தொழிலாளியாகவே பேசினார்.

என் முதல் பெரிய பிழையும் அவரிடம்தான் பிடிபட்டது. செரிமானக் கோளாற்றையும் பருவ மாற்றத்தையும் பற்றிய ஒரு பத்தி, மற்றச் செய்திகளுக்கு நடுவே, அதே எழுத்தில், அதே அளவில் இருந்தது. ‘செய்தி’ என்று குறித்தேன். அதன் கடைசி வரிகளில் ஹாலோவே மாத்திரையின் பெயர் இருந்ததை நான் படிக்கவில்லை. தாமஸ் ஹாலோவே என்பவர் விற்ற அந்த மாத்திரையின் முக்கியச் சரக்கு, நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கரியபோளம்தான், அதாவது உலர்த்திய கற்றாழைச் சாறு. அதை விளம்பரத்தாலேயே உலகெங்கும் விற்று அவர் சேர்த்த செல்வத்தில் பெண்களுக்கென ஒரு கல்லூரியே எழுந்தது. 1886இல் அரசியே வந்து அதைத் திறந்துவைத்தார். இவ்வளவும் பின்னால் நான் தேடிப் படித்தவை. அன்று அண்ணாச்சி சொன்னது ஒரே வாக்கியம்: “தம்பி, காசு வாங்கிட்டுப் போட்டது எதுவானாலும் வெளம்பரம்தான்.” அவ்வாரம் என் பிழைக் கணக்கில் பதினொரு பக்கங்கள் ஏறின, எல்லாம் மாத்திரைகளும் களிம்புகளும்.

மரண விசாரணைகளில் அந்தக் குழப்பம் இல்லை. அவை ஐயத்துக்கிடமின்றிச் செய்திகள். முதலில் என்னைத் தடுமாறச் செய்தது, அவை பெரும்பாலும் மதுக்கடைகளில் நடந்ததுதான். ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரத்தக்க அறை அங்குதான் இருந்தது. சாட்சி கேட்கும் ஊரார் பிணத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற விதியும் இருந்ததால், அதையும் அங்கேயே, அல்லது அருகில் எங்காவது, கிடத்தியிருப்பார்கள். காரணம் விளங்காத சாவுகளுக்கு ‘கடவுளின் வருகையால்’ என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுவார்கள். கணப்பு நெருப்பில் பாவாடை பற்றி எரிந்த பெண்களும், கொதிநீர்த் தொட்டியில் தவறி விழுந்த குழந்தைகளும் அப்பத்திகளில் திரும்பத் திரும்ப வருவார்கள். எல்லாம் பத்துப் பதினைந்து வரிதான். அவற்றுக்குத் தனித் தலைப்புகூடப் பல சமயம் இராது. தட்டச்சு செய்ய ஒன்றுமில்லாததால் அவை எங்களுக்கு விரைவாக முடிகிற வேலையாக இருந்தன என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தலைப்போடு வந்த சாவுகளில் மறக்க முடியாதது 1858இல் பிராட்ஃபோர்டில் நடந்தது. அப்போது வாரப் பத்திரிகையாக இருந்த பிராட்ஃபோர்ட் அப்சர்வரின் பக்கங்கள் அது. சர்க்கரை விலை அதிகம் என்பதால் மிட்டாயில் சுண்ணப்பொடி கலப்பது அங்கே வழக்கமாகவே இருந்திருக்கிறது. அந்தப் பொடி வாங்கப் போனவருக்கு மருந்துக்கடைப் பையன் ஆர்சனிக்கை, 12 பவுண்டு, எடுத்துக் கொடுத்துவிட்டான்; இரண்டும் வெள்ளைத் தூள். சந்தையில் ஒரே இரவில் விற்ற மிட்டாயால் ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கலப்படத் தடைச் சட்டம் 1860இலும் மருந்தாளர் சட்டம் 1868இலும் வருவதற்கு இது ஒரு காரணமாயிற்று. கலப்படம் செய்தது யாருக்கும் வியப்பாக இல்லை, கலந்த பொருள் மாறிப்போனதுதான் வியப்பு என்பது அந்தப் பத்திகளைப் படித்தபோது எனக்கு உறைத்தது.

ரயில் நேர அட்டவணை விளம்பரமா, இதரவா என்று ஒருமுறை பெரிய வாக்குவாதம் நடந்தது. அதையொட்டித் தேடிப் படித்ததில், அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் நேரமே வேறு என்று தெரிந்தது. பிரிஸ்டல் நகரின் சொந்த நேரம் லண்டனைவிட 10 நிமிடம் பிந்தியது. அங்கு வந்த ரயில்வே 1840 முதல் லண்டன் நேரத்தில் ஓடியது. அதனால் நகரத்துக் கடிகாரம் ஒன்றில் இரண்டு நிமிட முள்களை வைத்தார்கள். நாடு முழுதுக்கும் ஒரே நேரம் என்பது சட்டமானது 1880இல்தான். கோடையில் செய்தி வறண்டால் யாரோ தோட்டத்தில் விளைந்த பெரிய கூஸ்பெரிப் பழத்தின் எடையை அச்சிடுவார்கள். அதைச் செய்தி என்றே குறித்தோம்.

இன்னொரு முறை, இரண்டு வேறு ஊர்களின் பத்திரிகைகளில் உட்பக்கங்கள் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. ஒரே பக்கத்தை இருமுறை படமெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, அந்தப் பேட்சையே திருப்பி அனுப்பினோம்; படத்தில் பிழையில்லை என்று அது மறுபடி எங்களிடமே வந்தது. நாட்டுச் செய்தியையும் தொடர்கதையையும் தாளின் ஒரு புறம் லண்டனில் அச்சிட்டு விற்பார்களாம். ஊர்க்காரர் மறுபுறத்தில் தம் சந்தை நிலவரத்தையும் பத்திரிகையின் பெயரையும் போட்டுக்கொள்வார். அண்ணாச்சி உடனே புரிந்துகொண்டார்: சிவகாசியிலிருந்து சாமி படத்தோடு காலண்டர் அட்டை வரும், ஜவுளிக்கடையின் பெயரை மட்டும் அவருடைய அச்சகத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

1877ஆம் ஆண்டுப் பக்கங்கள் எனக்கு வந்தது மூன்றாம் ஆண்டில். ஒரு முதற்பக்கத்தில் மதராஸ் என்ற பெயர் இருந்தது. எங்கள் சேலம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று ஆயா சொல்லிக் கேட்டிருந்த அதே பஞ்சம். ஆகஸ்டில் மதராஸ் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயரிடம் உதவி கேட்க, அங்கே நிதி திரட்டத் தொடங்கினார்கள். ஊர்ப் பத்திரிகைகளில் கொடையாளர் பட்டியல்கள் வந்தன. செல்வந்தர்களின் பெயருக்குக் கீழே தேவாலய உண்டியல், ஆலைத் தொழிலாளர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஷில்லிங்கும் பென்னியுமாகத் தொகை இறங்கிக்கொண்டே போயிற்று. படிக்கத் தேவையில்லாத அந்தப் பட்டியலைக் கடைசி வரி வரை படித்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் ஏன் நிற்கிறேன் என்று கேட்டார். நிதிக்குழு காசு கொடுத்துப் போட்ட அறிவிப்பு அது. கட்டம் போட்டு ‘விளம்பரம்’ என்று குறித்து அனுப்பினேன். க்யூசியிலிருந்து அந்தப் பக்கம் திரும்பி வரவில்லை.