சுவரைப் பற்றும் தாரை

ஜூலை 3
என் காற்றுத் தாரைப் பரிசோதனைக்கான வளைவுப் பலகையைத் தச்சர் தந்துவிட்டார். ஆரை 50 மில்லிமீற்றர். மாலை முழுவதும் அரத்தாளால் தேய்த்தேன். அம்மாவின் சத்திரசிகிச்சைத் திகதி இன்னும் வரவில்லை.

ஜூலை 4
சோளகக் காற்று பலமாக அடிக்கிறது. கொட்டிலின் தெற்குப் பக்கத்தைக் கிடுகால் மறைத்த பிறகே காற்று ஊதியைப் போட முடிந்தது. முழு வேகத்துக்கு ஏற்றியதும் அம்மா முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 7
"பக்கத்திலிருந்து சின்னக் காற்றை அடித்துப் பெரிய காற்றைத் தள்ளுகிறாயா அக்கா?" என்று தம்பி தொலைபேசியில் கேட்டான். தள்ளவே இல்லை. அதை அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. இங்கே எழுதி வைக்கிறேன்.

தாரை என்பது வேகமாகப் பாயும் காற்று; அது எங்கே பாய்ந்தாலும் அயலிலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் சுவர் இருந்தால், இழுபட்ட காற்றுக்கு ஈடாக அங்கே புதுக் காற்று வர வழியில்லை. அழுத்தம் குறைகிறது. மறுபக்கத்து வளிமண்டலம் தாரையைச் சுவரோடு அமர்த்துகிறது. சுவர் வளைந்தால் தாரையும் வளைகிறது. தோமஸ் யங் 1800இலேயே இதைக் கவனித்து எழுதினார். ருமேனியரான ஹென்றி கொவாண்டா 1934இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். கொவாண்டா விளைவு என்று பெயர் அவருக்குப் போயிற்று.

விமான எஞ்சினின் பெருந்தாரை வெளிவரும் குழாயான நாசிலின் வாயை ஒட்டி இப்படியொரு வளைவை வைத்து, இடையிலுள்ள மெல்லிய பிளவால் சிறு தாரையை விட வேண்டும். அது வளைவைப் பற்றிக்கொண்டு பெருந்தாரையையும் தன் பக்கம் இழுக்கும். உந்துவிசையின் திசை மாறிவிடும். பிணைச்சல் இல்லை, வெப்பத்தில் அசைய வேண்டிய தகடும் இல்லை. இதைவிட அழகான பொறி எனக்குத் தெரியாது.

ஜூலை 8
திகதி வரவில்லை.

ஜூலை 10
இன்று பிளவு இல்லாமல், தனித் தாரையும் சுவரும் மட்டும். தாரையின் தடிப்பு 10 மில்லிமீற்றர். அழுத்தமானியில் நீர் 24 மில்லிமீற்றர் ஏறியது. வினாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகம். அந்த 24ஐ இரண்டால் பெருக்கி, தடிப்புக்கும் ஆரைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கினால் 9.6 வருகிறது. சுவரில் அழுத்தம் அவ்வளவு குறைய வேண்டும். குழாயில் 8 வாசித்தேன். எட்டு! சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஜூலை 11
அம்மா சாப்பிடவில்லை.

ஜூலை 14
பிளவைப் பொருத்தி, காற்றின் திசையைக் காட்ட முன்னே நூல்களைக் கட்டினேன். சிறு தாரையை மெல்லத் திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்தேன். நூல்கள் நேராகவே நின்றன. பிறகு எல்லா நூலும் சாயத் தொடங்கின; திறக்கத் திறக்கக் கூடுதலாகச் சாய்ந்தன. ஓரளவுக்கு மேல் எவ்வளவு திறந்தாலும் கூடுதலாகச் சாயவில்லை. தொடக்கத்தில் ஒரு செத்த பகுதி, நடுவில் கட்டுப்படும் பகுதி, முடிவில் நிரம்பிய பகுதி. நான் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் நடுப் பகுதியைப் பற்றி. விமானத்தை ஓட்டுகிறவருக்கு ஆபத்து அந்தச் செத்த பகுதியில்தான்: கட்டளை கொடுத்தாயிற்று, பதில் இல்லை.

ஜூலை 15
ஆஸ்பத்திரி விடுதி வாசலில் நான்கு மணி நேரம் இருந்தேன். செத்த பகுதியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிளவை ஒடுக்கினால் அதே அளவு காற்று வேகமாக வரும். வேகம் கூடினால் முன்பே பற்றுமா?

ஜூலை 17
2010இல் இங்கிலாந்தில் டீமன் பறந்தது; 2019இல் வேல்சில் மக்மா பறந்தது. இரண்டும் ஆளில்லா விமானங்கள். காற்றை ஊதியே திசை திருப்பிப் பார்த்தார்கள். படங்களை அம்மாவுக்குக் காட்டவில்லை.

ஆனால் அவர் இன்று தானாகவே கேட்டார். "கிபிரின் சத்தம் மாதிரி ஏன் பிள்ளை இதை வைத்திருக்கிறாய்?" கிபிர் குண்டுவீச்சு விமானங்கள் வந்த நாட்களில் பங்கரில் என் காதுகளைப் பொத்தியது அவருடைய கைகள்தான். அந்தச் சத்தம் எதனால் வந்தது என்று அன்றிலிருந்தே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஊதியைப் போடச் சொன்னார். அரை வேகத்தில் போட்டேன். வளைவின் ஓரத்தில் விரலை வைத்து, காற்று திரும்பும் இடத்தைத் தேடினார்.

ஜூலை 18
அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை. அதிகாலைப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போக வேண்டும். பிளவு இப்போது 1 மில்லிமீற்றர், தச்சரிடம் 0.5க்குத் தகடு கேட்டிருக்கிறேன், ஞாயிறு மாலை தருவதாக