இரும்பு மாத்திரைக்கு ஏறாத ஹீமோகுளோபின்

பள்ளியில் படித்த காலத்திலிருந்தே என் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதில்லை. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு என்று வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகள் வயிற்றைக் கட்டிப்போட்டனவே தவிர, அளவு ஏறவில்லை. "ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே!" என்பதே எல்லோருடைய தீர்ப்பும்.

கர்ப்பம் உறுதியானபின் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் ரத்த அறிக்கையின் அடுத்தடுத்த வரிகளையும் படித்தார். ஹீமோகுளோபின் 9.8. சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 64, 80-க்கு மேல் இருக்க வேண்டியது. சிவப்பணுக்களின் எண்ணிக்கையோ மைக்ரோலிட்டருக்கு 56 லட்சம், அதாவது 5.6 மில்லியன். இரும்புச்சத்துதான் குறை என்றால் எண்ணிக்கை பொதுவாக இவ்வளவு இருக்காது. 64-ஐ 5.6-ஆல் வகுத்து, அறிக்கையின் ஓரத்தில் 11.4 என்று பேனாவால் எழுதினார். 13-க்குக் கீழே போனால் தலசீமியாவை, அதாவது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறையை, சந்தேகிக்க வேண்டுமாம். வெறும் தடயம், முடிவு அல்ல என்றும் சொன்னார். ஃபெரிட்டின் பார்த்ததில் உடலில் இரும்பின் இருப்பு சரியாகவே இருந்தது. எனக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். அந்த இரண்டு வரிகளும் என் பழைய அறிக்கைகளிலும் அச்சாகித்தான் இருந்தன.

அடுத்து, ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. வெறும் வயிறு தேவையில்லை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா என்று மட்டும் ஆய்வகத்தில் கேட்டார்கள். பிறர் ரத்தம் கலந்திருந்தால் முடிவு குழம்பிவிடும். வந்த அறிக்கையில் ஏற்ற இறக்கமாக ஒரு வரைபடம். உயர்ந்து நின்ற முகடு ஹீமோகுளோபின் ஏ. அருகே குட்டையாக ஏ2, தடித்த எழுத்தில் 5.3 சதவீதம். 3.5-க்குள் இருப்பதே இயல்பு.

மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். ஏ வகையில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா புரதச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் இரும்பைத் தாங்கிய ஒரு ஹீம். ஆக, நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு இடம். பீட்டாவுக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. எனக்கு அவற்றில் ஒன்று பழுது. பீட்டா போதாததால் அணுக்கள் சிறுத்துப்போகின்றன. பீட்டாவுக்குப் பதில் டெல்டா சங்கிலி கொண்ட ஏ2-வின் பங்கு கூடுகிறது. இதற்குப் பெயர் தலசீமியா மைனர். எனக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை.

கவலை குழந்தையைப் பற்றித்தான். கணவருக்கும் இதே குறை இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான வகையான தலசீமியா மேஜர் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அவரிடம் ஹீமோகுளோபின் எஸ் அல்லது ஈ என்ற மாறுபட்ட வகைகள் இருந்தாலும் சிக்கல்தான். மேஜர் உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். கருவிலுள்ள ஹீமோகுளோபின் எஃப்-இல் பீட்டா இல்லை, காமா சங்கிலிதான் இருக்கிறது. மாதங்கள் செல்லச் செல்லக் காமா குறைந்து பீட்டா அந்த இடத்துக்கு வர வேண்டிய நேரத்தில்தான் சோகை தலைகாட்டும். பிறகு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரும். அதனால்தான் அவசரம். தேவைப்பட்டால் 11 வாரங்களுக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

"என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று அத்தை முகம் சுளித்தார். கணவர் எதுவும் பேசாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். எம்.சி.வி. 87, ஏ2 2.6, வேறு வகை எதுவும் இல்லை. திசுப் பரிசோதனை தேவைப்படவில்லை. குழந்தைக்கு என்னைப் போல மைனர் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவே. ஃபோலிக் அமிலம் தொடர்ந்தது. இரும்பு மாத்திரையை மட்டும் ஃபெரிட்டினைப் பார்த்துப் பார்த்தே கொடுத்தார்கள்.

பிறகு என் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு ஏ2 5.1. இப்போது அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "தரகரிடம் இதையெல்லாம் சொல்லாதே" என்கிறார் அம்மா. பெண் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லி, அந்தப் பெண்ணுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்கிறேன் நான். வழக்கு இன்னும் தீரவில்லை.