வெந்நி ஊத்து

"ஊத்துக்கு போயிட்டு வந்தோம்"னு சொன்னதும் ஆச்சி, மாஞ்சோலைக்கு மேல இருக்க ஊத்துன்னுதான் நினைச்சா. "அட்டை கடிக்கலியால"ன்னு காலை வேற குனிஞ்சு பாத்தா. இல்ல ஆச்சி, இது அமெரிக்காவுல, பாலைவனத்துக்கு நடுவுல தரைக்குள்ள இருந்து வெந்நியாவே வர்ற ஊத்துன்னு நான் விளக்கி முடிக்கதுக்குள்ள காப்பி ஆறிப்போச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "வெந்நில குளிக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனிய, நம்ம வீட்டு அடுப்புக்கு என்ன வந்துச்சு"ன்னா பாருங்க.

ஜனவரில அம்மையும் நானும் லாஸ் வேகாஸ்ல இருக்க அக்கா வீட்டுக்கு போயிருந்தோம். அத்தான் ஒரு ஆர்வி வாடகைக்கு எடுத்துட்டு வந்தாவ. 25 அடி வண்டி, உள்ளயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ். அம்மை சுத்திப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "கக்கூஸ் தண்ணி எங்க போகும்?" அப்ப யாரும் பதில் சொல்லல. கபோர்டுக்கு லாக் போடணும்னு எங்களுக்கு தெரியாது, முதல் வளைவுலயே இட்லிப்பொடி டப்பா பறந்து வந்து விழுந்து வண்டி பூரா எள்ளு வாசம், வீடு திரும்புற வரைக்கும் உக்காந்து எந்திரிச்சா வேட்டில பொடி.

போன இடம் டெகோபா. வேகாஸ்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரலாம், கலிபோர்னியா எல்லை தாண்டி, டெத் வேலி பக்கத்துல. குத்தாலத்துக்கு ஆனி ஆடி சீசன்னா இங்க மார்கழி தைதான் சீசன், வெயில் காலத்துல அந்தப் பக்கம் தலை வச்சு படுக்க முடியாது. தரையெல்லாம் வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கு. அங்க ஒரு ஆறும் உண்டு, பேரு அமர்கோசா, ஸ்பானிஷ்ல கசப்புன்னு அர்த்தமாம். முக்காவாசி தூரம் மண்ணுக்கு அடியிலயே ஓடி, டெகோபா கிட்ட கொஞ்சம் தலைகாட்டும். கடலுக்கே போகாது, கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ இருக்க பேட்வாட்டர் பள்ளத்துல போய் முடிஞ்சிரும். பொதிகைல பிறந்து புன்னக்காயல்ல கடலுக்குப் போற ஆத்தைப் பாத்து வளந்தவனுக்கு அது என்னமோ பாவமா இருந்துச்சு.

குளிக்கிற இடத்துல ஆம்பளைக்கு தனி, பொம்பளைக்கு தனி கட்டடம். சரின்னு துண்டைக் கட்டிட்டு போனா, உள்ள துணியே கூடாதாம்! முதல்ல ஷவர்ல சோப்பு போட்டு குளிச்சிட்டு அப்படியே இறங்கணும். ஐந்தருவில ஆயிரம் பேருக்கு முன்னால ஜட்டியோட நின்னவன்தான் நான், ஆனா அந்த ஒரு துணி எவ்வளவு பெரிய தைரியம்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. பக்கத்துல அத்தான் வேற. ரெண்டு பேரும் அரைமணி நேரம் சுவரையே பாத்துட்டு இருந்தோம். தண்ணி 40 டிகிரிக்கு மேல இருக்கும். எரிமலை கிரிமலை ஒண்ணும் இல்ல, மழைத்தண்ணி ரொம்ப ஆழத்துக்கு இறங்கி பூமிச் சூட்டுல காஞ்சு பாறை வெடிப்பு வழியா திரும்ப மேல வருது. அருவின்னா மண்டைல அடிக்கும், தோளை மிதிக்கும். இது ஒண்ணுமே செய்யல, சும்மா பிடிச்சு வச்சுக்கிச்சு, கொஞ்ச நேரத்துல வெக்கமும் போய் தூக்கம் வந்துட்டு.

அம்மை எப்படி சமாளிச்சான்னு கேட்டேன். "பொம்பளைய மட்டும்தான, நான் பாட்டுக்கு இறங்கிட்டேன், உங்க அக்காதான் வெளிய நின்னா"ன்னா.

ராத்திரி நல்ல குளிர். வண்டிக்குள்ள டின் தேங்காப்பால்ல அக்கா வச்ச சொதி. சாப்பிடும்போதுதான் அத்தான் போன்ல ஒண்ணு வாசிச்சாவ. இந்த ஊத்து வாய்க்கால்ல முன்ன ஒரு குட்டி மீன் இருந்திருக்கு, டெகோபா பப்ஃபிஷ், விரல் நீளம் கூட இல்ல, வெந்நிலயே வாழும். குளிக்க வாறவங்களுக்காக கட்டடத்தை பெருசாக்கி, ரெண்டு ஊத்துத் தண்ணியையும் ஒரே வாய்க்கால்ல திருப்பி விட்டதுல வேகமும் சூடும் கூடிப்போச்சு, வெளிய இருந்து கொண்டு விட்ட மீனுங்க வேற, எல்லாம் சேந்து அது அழிஞ்சே போச்சு. அழியுற உயிரினங்கள் பட்டியல்ல இருந்து, இனி இது இல்லவே இல்லன்னு அமெரிக்கா நீக்கின முதல் உயிரு அதுதான், 1982ல. அம்மை கைச் சோத்தை அப்படியே வச்சுட்டு, "அயிரை மாதிரி இருக்குமோ"ன்னு கேட்டா. அவளுக்கு பாபநாசம் படித்துறைல மீனுக்கு பொரி போடாம வீட்டுக்கு வரத் தெரியாது. நாங்க குளிச்ச சுகம் எனக்கு அதோட கொஞ்சம் குறைஞ்சுதான் போச்சு.

மறுநாள் காலைல அம்மையோட கேள்விக்கு பதில் கிடைச்சுது. ஊர்ல செப்டிக் டேங்க் லாரியைக் கண்டா மூக்கைப் பொத்திட்டு ஓடுற அத்தான், கையில நீல கிளவுஸ் மாட்டி, தடியான ஓஸ் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாவ. மாப்பிள்ளையை அந்தக் கோலத்துல பாக்க வேண்டாம்னு அம்மை வண்டிக்குள்ளயே இருந்துக்கிட்டா.

அம்மை ஒரு சின்ன பாட்டில்ல அந்தத் தண்ணியைப் பிடிச்சு சூட்கேஸ்ல வச்சு அம்பாசமுத்திரம் வரைக்கும் கொண்டாந்துட்டா, ராமேஸ்வரம் தீர்த்தம் கணக்கா. ஆச்சி மூடியைத் திறந்து மோந்து பாத்தா, நுனி நாக்குல ஒரு சொட்டு வச்சா, "ஆறிப்போச்சுல்லா"ன்னுட்டு முருங்கை மூட்டுல ஊத்திட்டா. முருங்கைக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் நிக்கி.