ஒன்பது நாள்ல ஒரு கோச்

அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியோட அத்லெடிக்ஸ் டிபார்ட்மெண்ட்ல டேட்டா அனலிஸ்ட்டா இருக்கேன். டிக்கெட் விலை, சீசன் சீட் ரினியூவல், டோனர் லிஸ்ட்னு வருஷம் பூரா இதே பொழப்புதான். ஊர்ல சித்தப்பா யாராச்சும் கேட்டா "விளையாட்டு ஆபீஸ்ல கணக்கு எழுதுறான்"னு சொல்லி முடிச்சுருவாரு, அதுல ஒண்ணும் தப்பில்ல. இங்க ஃபுட்பால்னா கால்ல உதைக்கிறது இல்ல, ஹெல்மெட் போட்டுட்டு முட்டி மோதுறது, எனக்கு ரூல்ஸ் புரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்படிப்பட்ட ஆள போயி ஹெட் கோச் செலக்ஷன்ல உக்கார வச்சாங்கன்னா பாத்துக்கோங்க.

நவம்பர் கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஏ.டி. கிட்ட இருந்து மெசேஜ். ஏ.டி.ன்னா அத்லெடிக் டைரக்டர், எங்க பெரிய பாஸ். "ஃபுட்பால் கோச்ச வேலைய விட்டு அனுப்பிட்டோம், நாளைக்கு ஏழு மணிக்கு லேப்டாப்போட வா." அவ்ளோதான்.

எங்க டிக்கெட் கவுண்டருக்கு ஒரு ஆள் எடுக்கணும்னா விளம்பரம், கமிட்டி, மூணு ரவுண்டுனு மூணு மாசம் இழுக்கும். யூனிவர்சிட்டிலயே அதிக சம்பளம் வாங்குற ஆள ஒன்பது நாள்ல எடுத்தோம். அவசரத்துக்கு காரணம் இல்லாம இல்ல, ஹைஸ்கூல் பசங்க காலேஜுக்கு கையெழுத்து போடுற நாள் 2017ல இருந்து டிசம்பர்லயே வந்துருது, அது போக 2018ல டீம் மாற நெனக்கிற பசங்க பேர் குடுக்குற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்து, 2021ல ஒரு வருஷம் வெளிய உக்காராமலே டீம் மாறலாம்னு ஆயிருச்சு, அதனால கோச் நாற்காலி காலியா இருக்குற ஒவ்வொரு நாளும் நம்ம பசங்க போனுக்கு வேற டீம் ஆளுங்க கூப்பிட்டுட்டே இருப்பாங்க, நேரா இல்லன்னாலும் யாராவது மாமன் மச்சான் வழியா.

தப்பா எடுத்தா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். ஜிம்போ ஃபிஷர் ஃப்ளோரிடா ஸ்டேட்ல 2013 சீசன்ல நேஷனல் சாம்பியன் ஆனவரு, அவர டெக்சாஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி கூட்டிட்டு வந்து, 2023ல போதும்னு வீட்டுக்கு அனுப்ப ஏழரை கோடி டாலருக்கு மேல குடுக்க வேண்டியதாச்சு. வேலை செய்யாம இருக்குறதுக்கு! எங்களுக்கு அவ்ளோ வசதி கிடையாது, ஆனா எங்க அளவுக்கு அதே பயம்.

சர்ச் ஃபர்ம்னு ஒரு கம்பெனிய வச்சோம். அவங்க ஆள் கண்டுபிடிப்பாங்கன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, முக்கியமான வேலையே கோச்சுங்களோட ஏஜெண்டுங்க கிட்ட நமக்கு பதிலா பேசுறதுதான், நாளைக்கு "நாங்க பேசவே இல்ல"னு ரெண்டு பக்கமும் கூசாம சொல்லலாம். சர்டிஃபிகேட் சரிபாக்குறதும் அவங்கதான். 2001 டிசம்பர்ல நோட்டர் டேம் யூனிவர்சிட்டில ஜார்ஜ் ஓ'லியரிய கோச்சா எடுத்தாங்க, பயோடேட்டால இருந்த மாஸ்டர்ஸ் டிகிரியும், காலேஜ்ல ஆடுனேன்னு போட்டதும் உண்மையில்லன்னு வெளிய வந்து அஞ்சே நாள்ல ராஜினாமா. இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் இங்க எந்த செலக்ஷன்லயும் அந்த பேரு ஒரு தடவ வராம இருக்காது.

ரகசியம் காக்குறது தனி கூத்து. ரசிகருங்க பிளைட் டிராக்கிங் ஆப்ல எங்க ஊர்ல இருந்து கெளம்புற குட்டி ஜெட்ட எல்லாம் பாத்துட்டு இருப்பாங்க, இது எங்க போகுது அங்க யாரு கோச்னு. அதனால ஏ.டி. நாலு மணி நேரம் கார் ஓட்டிட்டு போயி ஒருத்தர பாத்துட்டு வந்தாரு. வழில காபி கடைல ஒருத்தர் அவர அடையாளம் கண்டு போட்டோ எடுத்துட்டாரு, அது வேற கதை.

என் வேலை ஷீட். பன்னெண்டு பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை. ஜெயிச்சது தோத்தது மட்டும் போட்டா அது அவரோட கணக்கா அவர் இருந்த இடத்தோட கணக்கானு தெரியாது. எட் ஓர்ஜெரான் ஓல் மிஸ்ங்கிற காலேஜ்ல மூணு வருஷம் கோச்சா இருந்து 10 ஜெயிச்சு 25 தோத்தாரு, அதே மனுஷன் எல்.எஸ்.யூல 2019ல 15க்கு 15 ஜெயிச்சாரு, ரெண்டு வருஷம் கழிச்சு அங்கயும் வேலை போச்சு. ஸ்காட் ஃப்ராஸ்ட் யூ.சி.எஃப்ல 2017ல ஒண்ணு கூட தோக்கல, சொந்த காலேஜ் நெப்ராஸ்காவுக்கு போயி 16 ஜெயிச்சு 31 தோத்தாரு. இதுல எந்த வரிசைய நம்புறது?

அதனால எதிர் டீமோட பலத்த கழிச்சு, ஒவ்வொரு தடவ பந்து கைல வரும்போது எத்தன பாயிண்ட் எடுத்தாங்கன்னு போட்டேன். பெரிய டீம்ல ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டரா, அதாவது பந்து கைல இருக்கும்போது ஆடுற ஆட்டத்துக்கு பொறுப்பான அசிஸ்டென்ட் கோச்சா இருந்த இளைஞர் ஒருத்தர் முதல் இடத்துல வந்தாரு. திங்கக்கிழமை சாயங்காலம் ஷீட்ட அனுப்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிட்டே அவரோட டீம் பிரஸ் மீட் வீடியோ ஒண்ண ஓடவிட்டிருந்தேன், அந்த ஹெட் கோச் சாதாரணமா சொல்றாரு, நாலாவது டவுன்ல அந்த பிளேய நான்தான் கால் பண்ணேன், எப்பவும் நான்தானே பண்றேன்னு. பிளே கால் பண்றதுன்னா அடுத்து என்ன ஆட்டம் ஆடணும்னு ஹெட்செட்ல சொல்றது. சோப்பு கையோட அப்படியே நின்னுட்டேன். நான் கோஆர்டினேட்டர் பேருல எழுதுன பாயிண்ட் எல்லாம் இவருது! பதவி பேர பாத்து எழுதிட்டேன், ஹெட்செட்ல யாரு பேசுறாங்கன்னு பாக்கல. ராத்திரி ஒன்றரைக்கு திருத்தி மறுபடி அனுப்புனேன், காலைல ஏ.டி. கிட்ட இருந்து ஒரு கட்டைவிரல் எமோஜி வந்துச்சு. ஆனா அதுக்குள்ள போர்டுல ரெண்டு பேருக்கும் பெரிய டோனர் ஒருத்தருக்கும் அந்த பழைய ஷீட் போயிருச்சு, அவங்க மனசுல முதல் பேரு பதிஞ்சது பதிஞ்சதுதான்.

இண்டர்வியூ ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல்ல, ஜன்னல் இல்லாத ரூம். நான் லேப்டாப் ஆபரேட்டர், அதிகாரம் ஒண்ணும் கெடையாது. கோஆர்டினேட்டர் எங்க யூனிவர்சிட்டி கலர்ல ஸ்லைடு போட்டு கொண்டுவந்தாரு, பேச்சும் பிரமாதம், கல்ச்சர்ங்கிற வார்த்தைய எண்ண ஆரம்பிச்சு பாதில விட்டுட்டேன். பிளே கால் பண்றத பத்தி யாருமே கேக்கல. நான் கேட்டிருக்கலாமோன்னு இன்னைக்கும் தோணும்.

அடுத்து வந்தவரு சின்ன கான்ஃபரன்ஸ்ல, அதாவது சின்ன லீக்ல ஒரு டீமுக்கு ஹெட் கோச், ஐம்பதுக்கு மேல. ஸ்லைடு இல்ல, சுருள் கம்பி போட்ட நோட்டு ஒண்ணு. நம்ம கேள்விக்கு முன்னாடி அவர் கேட்டாரு, அசிஸ்டென்ட்டுங்க எல்லாருக்கும் சேத்து எவ்ளோ பணம் வச்சிருக்கீங்க? ஏ.டி. தொகைய சொன்னாரு. அவர் நோட்டுல எழுதி, பத்தால வகுத்து, கீழ ரெண்டு கோடு போட்டுட்டு நிமிர்ந்தாரு. "இதுக்கு என் ஆளுங்கள்ல ஏழு பேரு வருவாங்க, மூணு பேரு வர மாட்டாங்க, அந்த மூணு பேரு இல்லாம நான் வந்து பிரயோஜனம் இல்ல"ன்னாரு. ரூம்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ரெண்டு மணி நேரத்துல எனக்கு பிடிச்ச இடம் அதுதான்.

ஏன்னா என் ஷீட்டோட ஓரத்துல யாரும் கண்டுக்காத ஒரு காலம் (column) இருந்துச்சு. ஒவ்வொரு கோச் கிட்டயும் இருந்த அசிஸ்டென்ட்டுங்க எத்தன பேரு அதே பதவி அதே சம்பளத்துக்கு வேற டீமுக்கு போனாங்கன்னு. ப்ரோமோஷன்ல போனா கோச்சுக்கு பெருமை. ஒண்ணும் கூடாம ஒருத்தர் குடும்பத்தோட ஊரு விட்டு ஊரு போறாருன்னா உள்ள ஏதோ சரியில்லன்னு அர்த்தம், அதுவும் பேப்பர்ல வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சுரும். நோட்டுக்காரருக்கு அஞ்சு வருஷத்துல பூஜ்யம். கோஆர்டினேட்டருக்கு காலி கட்டம், அவர் இதுவரைக்கும் யாரையும் வேலைக்கு எடுத்ததே இல்லையே.

இன்னைக்கு எல்லா ஊர்லயும் எங்களுக்கு ஒரு சிக்னெட்டி வேணும்ங்கிறாங்க. கர்ட் சிக்னெட்டி அலபாமால பேரெடுத்த கோச் நிக் சேபன் கிட்ட இருந்த வேலைய விட்டுட்டு 2011ல ரெண்டாம் டிவிஷன்ல ஒரு சின்ன காலேஜுக்கு ஹெட் கோச்சா போனவரு, இந்தியானாக்காரங்க கூப்பிடும்போது வயசு 62. முந்தின சீசன்ல 3 ஜெயிச்ச டீம் 2024ல 11 ஜெயிச்சுது. இந்தியானாவுக்கு முன்னாடி இருந்த டீம்ல இருந்து அசிஸ்டென்ட்டுங்களும் பசங்களும் கூடவே வந்தாங்கங்கிறத மட்டும் சொல்லும்போது விட்டுருவாங்க.

நோட்டுக்காரர்தான்னு ஏ.டி. கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டாரு. வியாழக்கிழமை ராத்திரி நியூஸ் வந்துச்சு, அவரோட இப்ப இருக்குற டீமே காண்ட்ராக்ட்ட நீட்டிச்சு அசிஸ்டென்ட் சம்பளத்தையும் ஏத்திட்டாங்கன்னு. அந்த ரெண்டு கோடு போட்ட கணக்கு எங்களுக்கு போட்டதா அவங்கள மிரட்ட போட்டதான்னு எனக்கு இன்னைக்கும் புரியல. ஏ.டி. மட்டும் கோபப்படல, நானும் ஒரு காலத்துல அப்படி பண்ணியிருக்கேன்னு சொல்லி சிரிச்சாரு.

சனிக்கிழமை கோஆர்டினேட்டருக்கு போன் போச்சு. திங்கக்கிழமை பேண்டு வாத்தியம், புது டை, அஞ்சு வருஷ காண்ட்ராக்ட். முதல் சீசன் 6 ஜெயிச்சு சீசன் முடிஞ்சு நடக்குற ஒரு சின்ன பௌல் மேட்ச்சுக்கு போனோம், ஊரே சந்தோஷம், எனக்கும்தான்.

ரெண்டாவது சீசன் அக்டோபர்ல ஏ.டி. என் டேபிள் பக்கம் வந்து கார்பெட்ட பாத்துட்டே "அந்த ஷீட் இன்னும் இருக்கா? சும்மா அப்டேட் பண்ணி வை"ன்னாரு. எந்த ஏ.டி.யும் டிராயர்ல ஒரு லிஸ்ட் வச்சிருப்பாரு, ஜெயிச்சாலும் வச்சிருப்பாரு, ஏன்னா நம்ம கோச்ச வேற எவனாவது தூக்கிட்டு போகலாம். அதனால அந்த கேள்விய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஷீட்ட தெறந்தேன், புதுசா ஒரு காலம் சேத்தேன், 2025 ஜூலைல இருந்து காலேஜே பசங்களுக்கு எல்லாருக்கும் சேத்து, முதல் வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் நேரா குடுக்கலாம்னு ஆனதால கேண்டிடேட்டுங்க இனி முதல்ல அதத்தான் கேப்பாங்க.

அப்புறம் யாரும் சொல்லாமலே கடைசில எங்க கோச் பேரையும் ஒரு வரிசையா போட்டேன். ஓரத்துல இருந்த அந்த காலத்துக்கு வந்ததும் கை நின்னுச்சு, எங்கள விட்டு போன அசிஸ்டென்ட்டுங்க, டைட் எண்ட் கோச், லைன்பேக்கர் கோச், ஸ்ட்ரென்த் ரூம்ல ஒருத்தர். டைட் எண்ட் கோச்சுக்கு ஆகஸ்ட்ல நாங்க எல்லாரும் கார்டுல கையெழுத்து போட்டு கேக் வெட்டி அனுப்பி வச்சோம், 300 மைல் தள்ளி, அதே பதவி, அதே சம்பளம். கட்டத்துல 3ன்னு அடிச்சு சேவ் பண்ணி அனுப்பிட்டேன்.